அடிப்படை அறிந்த கல்வி: மேல்கோட்டையும் வலைச்செயலிப் படிப்பும்

"பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் படிப்பில் சேர்த்துவிட்டோம். வலைச்செயலி எழுதக் கற்கிறேன் என்கிறான். அது எத்தகைய படிப்பு, அதனால் அவனுக்கு நிலைத்த பயன் உண்டா என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை."

பிறந்த ஊரை விட்டு வந்து, வேற்று மாநிலத்திலும் வேற்று நாட்டிலும் உழைத்துப் பொருள் ஈட்டி, அதன் பெரும்பகுதியைப் பிள்ளைகளின் கல்விக்கே செலவிடும் நம் குடும்பங்களில், இக்கேள்வி எழாத இல்லம் இன்று அரிது. அண்மைக்காலத்தில் இதனோடு மற்றொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "கணினிக்கு ஆணை எழுதும் வேலையைக் கணினியே செய்யத் தொடங்கிவிட்டதாமே! அப்படியானால் நம் பிள்ளைகள் நான்காண்டு படிப்பது எதற்கு?" என்பதே அது.

இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடையைத் தேடி நாம் மேல்கோட்டையிலிருந்து புறப்படுவோம். கணினிக்கும் மேல்கோட்டைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வியக்கலாம். தொடர்பு உண்டு; அது வலிந்து கூறுவதும் அன்று.

மலையூரின் மரபு

மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய மண்டியா மாவட்டத்தில், பாறைக் குன்றுகளின் நடுவே அமைந்தது மேல்கோட்டை. வைணவப் பெருமக்கள் இதனைத் திருநாராயணபுரம் என்பர். குன்றின் உச்சியில் யோக நரசிங்கர். கீழே செல்வப்பிள்ளை என்னும் செலுவநாராயணர். அருகே படித்துறைகள் சூழ்ந்த கல்யாணித் தீர்த்தம். தமிழகத்திலிருந்து பெயர்ந்து வந்த இராமானுசர் இங்கே ஏறத்தாழ 12 ஆண்டுகள் தங்கியிருந்தார் என்பது மரபு. அவர் வழியைப் பின்பற்றி வந்து குடியேறிய குடும்பங்கள், வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பாடசாலையில் வடமொழியுமாகப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து வந்துள்ளன. 1905ஆம் ஆண்டு இவ்வூரில் அத்தகைய குடியில் தோன்றிய பு. தி. நரசிம்மாச்சார், கன்னடத்தின் பெருங்கவிஞர்களுள் ஒருவராக விளங்கினார். புலம்பெயர்ந்தோர் தம் மொழியையும் காத்து, சென்ற இடத்து மொழியையும் வளப்படுத்தலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இவ்வூரின் வடமொழிப் பாடசாலை 1854ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1970களில் இங்கே எழுந்த சமஸ்கிருத ஆராய்ச்சிக் கழகம், ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் பதிப்பித்ததோடு நில்லாது, வடமொழிச் சொற்களையும் வாக்கியங்களையும் கணினி கொண்டு பகுத்தறியும் பணியிலும் இறங்கியது. அதன் முதல் இயக்குநரான மே. அ. லக்ஷ்மிதாதாசாரியார் இம்முயற்சிக்கு ஊக்கம் அளித்தவர். 1985ஆம் ஆண்டில் ரிக் பிரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், வடமொழி இலக்கண மரபுக்கும் கணினியின் அறிவுத்துறைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறித்துக் கட்டுரை வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெங்களூரில் இப்பொருள் பற்றியே மாநாடு ஒன்று கூடியது.

வடமொழிதான் கணினிக்கு ஏற்ற மொழி என்று சிலர் மிகைபடப் பேசுவதுண்டு. நாம் அவ்வாறு சொல்ல வரவில்லை. எந்தக் கணினியும் அம்மொழியில் இயங்கவில்லை. நாம் கொள்ளத்தக்க உண்மை வேறு. பாணினி ஏறத்தாழ 4,000 சூத்திரங்களில் ஒரு மொழியின் அமைப்பை விதிகளாக வகுத்தார். எந்த விதி எப்போது செல்லும், இரண்டு விதிகள் மோதினால் எது வெல்லும் என்பதையும் அவர் வரையறுத்தார். 1959ஆம் ஆண்டில் ஜான் பேக்கஸ் என்பவர் கணினி மொழிகளின் இலக்கணத்தை எழுத ஒரு முறையை வகுத்தார். 1967ஆம் ஆண்டில் இங்கர்மன் என்னும் அறிஞர், அம்முறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்த்து வழங்க வேண்டும் என்று எழுதினார். விதியை ஐயத்திற்கு இடமின்றி எழுதுவதே இரண்டு துறைகளுக்கும் பொதுவான அடிப்படை என்பது இதனால் விளங்கும். தொல்காப்பியமும் நன்னூலும் பயின்ற நமக்கும் இது புதிய செய்தி அன்று.

வலைச்செயலி என்பது யாது?

1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர், ஜெனிவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். 1990ஆம் ஆண்டின் இறுதிக்குள் உலகின் முதல் வலைப்பக்கம் இயங்கத் தொடங்கியது. 1993 ஏப்ரல் 30 அன்று அந்நிலையம் அந்த நுட்பத்தை விலையின்றி உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிட்டது. மறைபொருளைக் கோபுரத்தின்மேல் நின்று எல்லார்க்கும் உரைத்தவர் என்று இராமானுசரைப் போற்றும் நாம், அச்செயலின் பெருமையை உணர்வது எளிது. இந்தியப் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்டு 15 அன்று இணையச் சேவை கிடைத்தது.

வெறும் வலைப்பக்கம் சுவரொட்டி போன்றது, படிக்கலாம், அவ்வளவே. வலைச்செயலியோ அலுவலகம் போன்றது. நாம் விண்ணப்பம் கொடுக்கிறோம். உள்ளே ஒருவர் அதைப் பார்த்து, பேரேட்டைப் புரட்டி, விடை எழுதித் தருகிறார். விண்ணப்பம் கொடுக்கும் இடம் நம் கையிலுள்ள பிரௌசர். உள்ளே இருப்பவர் சர்வர். பேரேடுதான் டேட்டாபேஸ். பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர்.

எடுத்துக்காட்டாக, பங்குனி மாதத்து வைரமுடித் திருவிழாவிற்கு மேல்கோட்டை வரும் அடியார்கள் தங்குமிடம் பதிவு செய்துகொள்ள ஒரு வலைச்செயலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தின் உறுப்புகளை அமைக்க எச்.டி.எம்.எல்.; நிறமும் இடைவெளியும் ஒழுங்குறச் சி.எஸ்.எஸ்.; பிரௌசருக்குள்ளேயே அசைவும் சரிபார்ப்பும் நிகழ ஜாவாஸ்கிரிப்ட்; சர்வரில் வேலை செய்யப் பி.எச்.பி., பைத்தான் முதலிய மொழிகளுள் ஒன்று. பேரேட்டைக் கேட்க எஸ்.க்யூ.எல். இவை ஐந்தும் சேர்ந்தால் செயலி உருவாகிவிடும். ஆயினும், இவற்றின் பெயர்களை அறிவது கல்வி ஆகாது. இவற்றுக்கிடையே என்ன நிகழ்கிறது என்று அறிவதே கல்வி.

நினைவில்லாச் சர்வரும் செருப்பு வில்லையும்

மாணவர் முதலில் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. எச்.டி.டி.பி. முறையில் சர்வருக்கு நினைவு கிடையாது. ஒரு நொடிக்கு முன் பேசியவர் நாம்தாம் என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு விண்ணப்பமும் அதற்குப் புதிதே. அப்படியாயின், ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்தவரை அது எவ்வாறு அடையாளம் காண்கிறது?

கோயில் வாசலில் செருப்பு வைக்கும் கடையை நினைவுகூர்வோம். செருப்பைக் கொடுத்தால் எண் பொறித்த வில்லை ஒன்று தருகிறார்கள். திரும்பி வந்து வில்லையைக் காட்டினால், நம் முகம் நினைவில் இல்லாவிடினும் செருப்பு கிடைத்துவிடுகிறது. 1994ஆம் ஆண்டில் லூ மான்டுல்லி என்பவர் வகுத்த குக்கி என்னும் ஏற்பாடு இத்தகையதே. வில்லை பிரௌசரிடம், பொருள் சர்வரிடம். வில்லையைப் பிறர் திருடினால் செருப்பும் போய்விடும். ஆதலின், வில்லையை மறைகுறியாக்கிய வழியிலேயே அனுப்ப வேண்டும், வெளியேறியதும் அதைச் செல்லாததாக்க வேண்டும் என்னும் விதிகள் தாமே பின்தொடர்கின்றன. அடிப்படையை உணர்ந்த மாணவன் இவ்விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை, தானே வருவித்துக்கொள்வான்.

நம்பாமை என்னும் ஒழுக்கம்

வாழ்க்கையில் நம்பிக்கை நன்று. வலைச்செயலியில், வெளியிலிருந்து வருவது எதனையும் ஆராயாது நம்புதல் தீது. பிரௌசரில் சரிபார்த்தாயிற்று என்று சர்வர் வாளாவிருத்தல் கூடாது. பிரௌசர் பயனாளியின் கையில் இருப்பது. அதன் காவலை அவர் விரும்பினால் நீக்கிவிடலாம்.

பெயர் எழுதும் கட்டத்தில் ஒருவர் தம் பெயருக்குப் பதிலாகப் பேரேட்டுக்குரிய ஆணை ஒன்றை எழுதிவிடுகிறார் என்று கொள்வோம். கவனமின்றி எழுதப்பட்ட செயலி அதனையும் தன் ஆணையோடு ஒட்டி அனுப்பிவிடும். குடிமகன் கொடுத்த மனுவின் வாசகத்தை அதிகாரியின் உத்தரவு என்று எழுத்தர் படித்துவிட்டதற்கு இது ஒப்பாகும். எஸ்.க்யூ.எல். ஊடுருவல் என்பது இதுவே. வலைச்செயலிகளின் பெருங்கேடுகளை ஓவாஸ்ப் என்னும் அமைப்பு பட்டியலிட்டு வருகிறது. அதன் 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் ஊடுருவல் வகையே முதலிடம் பெற்றிருந்தது. தடுக்கும் வழியோ எளிது: ஆணை வேறு, பயனாளி தந்த செய்தி வேறு என்று இரண்டையும் பிரித்தே அனுப்புதல்.

கடவுச்சொல்லையும் உள்ளபடியே பேரேட்டில் எழுதி வைத்தல் ஆகாது. அரிசியை மாவாக்கியபின் மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாது. ஆனால், அதே அரிசியை மறுபடி அரைத்தால் அதே மாவு வரும். கடவுச்சொல்லையும் அவ்வாறு அரைத்து, மாவை மட்டுமே சேமித்து வைப்பர். இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தால் மாவும் ஒன்றாகிவிடுமே என்று, ஆளுக்கொரு வேறு பொருளைக் கலந்து அரைப்பர். கணினியார் அதற்கு உப்பு என்றே பெயரிட்டுள்ளனர்!

இனி, திருவிழாவிற்கு முதல் நாள் ஓர் அறைதான் எஞ்சியிருக்கிறது. சென்னையிலிருந்து ஒரு குடும்பமும் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பமும் ஒரே நொடியில் அதைக் கேட்கின்றன. "அறை உண்டா?" என்று இருவருக்காகவும் பேரேட்டைப் பார்த்து, "உண்டு" என்று இருவருக்கும் விடை தந்துவிட்டால், இரவில் குழந்தைகளோடு வந்து இறங்கும் ஒரு குடும்பம் கல்யாணிப் படிக்கட்டில்தான் படுக்க வேண்டும். பார்ப்பதும் பதிவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நிகழவேண்டும். இதற்கு டிரான்சாக்ஷன் என்று பெயர். கல்லூரித் தேர்வில் இது இரண்டு மதிப்பெண் வினா; வாழ்க்கையில் ஒரு குடும்பத்தின் இரவு.

தமிழெழுத்தின் சோதனை

நம் பிள்ளைகள் தாமே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையை இங்கே கூறுவோம். "மேல்கோட்டை" என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? மே, ல், கோ, ட், டை என ஐந்து என்பான் நம் பிள்ளை. கணினியைக் கேட்டால் பத்து என்னும். யூனிக்கோடு முறையில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி எண்களாக வைக்கப்படுவதும், புள்ளிக்கும் ஓர் எண் இருப்பதுமே இதற்குக் காரணம். யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் சேமிக்கும்போது அவ்வெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் கொள்ளும்; ஆகவே இந்த ஐந்தெழுத்துச் சொல்லுக்கு 30 பைட்டு. ஊர்ப்பெயருக்கு 20 பைட்டுப் போதும் என்று ஒருவர் அளவு வகுத்தால், "மேல்கோ" என்பதோடு சொல் முறிந்து, அதன்பின் பொருளற்ற குறி ஒன்று தொங்கும்.

இன்னும் ஒன்று. "கோ" என்பதன் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. ஒருவகையில் பதிந்த பெயரை மற்றொரு வகையில் தேடினால், "அப்படி ஒருவர் இல்லை" என்று விடை வரும். இரண்டையும் ஒருவகைப்படுத்தியபின் ஒப்பிடவேண்டும் என்பதை அறியாதவர் எழுதிய செயலியில், நம்மவர் பெயர் இருந்தும் இல்லாததாகிவிடும்.

இவ்வளவுக்கும் தமிழர் இணையத்திற்குப் பிந்தி வந்தவர் அல்லர். 1997ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தமிழ் நூல்களை விலையின்றி வலையேற்றிய அந்தப் பணியில், புலம்பெயர்ந்த தமிழரின் கைகள் பல. நம் பிள்ளைகளுக்கு முன்னோடிகள் உண்டு என்பதை அவர்களிடம் நாம் சொல்ல வேண்டும்.

தந்தை பெயரின் முதலெழுத்தோடு பெயர் எழுதும் நம்மிடம் குடும்பப் பெயரைக் கேட்டு, அதை நிரப்பாவிடில் மேற்செல்லவிடாத படிவங்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அப்படிவத்தை எழுதியவர் தீயவர் அல்லர். தம் வழக்கமே உலக வழக்கு என்று எண்ணிவிட்டவர். இருமொழியும் மும்மொழியும் வழங்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை அவ்வாறு எண்ணமாட்டான். புலம்பெயர்ந்த வாழ்வு அவனுக்கு இத்துறையில் ஒரு மூலதனம்.

பல்கலைக்கழகம் கற்பிப்பது

மேல்கோட்டைப் பக்கத்து மாணவர்கள் பொறியியல் படிக்க மண்டியாவுக்கோ மைசூருக்கோ செல்கின்றனர். கருநாடகத்துப் பொறியியற் கல்லூரிகள் பலவற்றுக்குப் பாடத்திட்டம் வகுப்பது, 1998ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அதன் 2015ஆம் ஆண்டுத் திட்டத்தில், கணினித்துறை மாணவர்க்கு ஏழாம் பருவத்தில் வலைத் தொழில்நுட்பப் பாடமும், சிறுசெயலி ஒன்றைத் தாமே ஆக்கும் ஆய்வுக்கூடப் பயிற்சியும் அமைந்திருந்தன. பக்கத்தைக் காண வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுதல், பேரேட்டிலுள்ள மாணவர் பட்டியலை வரிசைப்படுத்துதல் போன்றவை அப்பயிற்சிகளுள் சில. பார்வைக்கு இவை சிறியன. ஆனால், வந்தவர் எண்ணிக்கையைக் காட்டும் பயிற்சியிலேயே, "நினைவில்லாச் சர்வர் எண்ணிக்கையை எங்கே எழுதி வைக்கும்? இருவர் ஒரே கணத்தில் வந்தால் என்னாகும்?" என்னும் பெரிய வினாக்கள் அடங்கியுள்ளன. விடையை அண்டை மாணவனிடமிருந்து படியெடுப்பவன் மதிப்பெண் பெறுவான். வினாவைத் தன்னுள் எழுப்பிக்கொள்பவன் கல்வி பெறுவான்.

கல்லூரிக்கு நேரே செல்ல இயலாதவர்க்கும் இன்று வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020ஆம் ஆண்டில் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. ஜே.இ.இ. தேர்வு எழுதாதவரும் அதன் தகுதித் தேர்வில் தேறிச் சேரலாம். அதில் வலைச்செயலி ஆக்கம் இரண்டு பாடங்களாகக் கற்பிக்கப்படுகிறது. மாணவர் ஒவ்வொருவரும் முழுச் செயலி ஒன்றைத் தாமே எழுதி, அதனை விளக்கவும் வேண்டும்.

மாறுவதும் மாறாததும்

"இன்ன கருவியை மூன்று மாதத்தில் கற்பிக்கிறோம், உடனே வேலை" என்னும் விளம்பரங்களைப் பெற்றோர் காண்கின்றனர். கருவி கற்பது தவறன்று. ஆனால் கருவியின் ஆயுளை எண்ணிப்பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்குலர் ஜேஎஸ் என்னும் கருவியைக் கற்கப் பலர் விரைந்தனர். 2021 டிசம்பர் 31 அன்றோடு கூகுள் நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஃபிளாஷ் என்னும் நுட்பம் அதற்கு ஓராண்டு முன்னரே முடிவுற்றது. எச்.டி.எம்.எல்., எச்.டி.டி.பி. ஆகிய இரண்டுமோ 1990 தொடங்கி வளர்ந்து வந்து இன்றும் நிலைத்துள்ளன. அடிப்படை அறிந்தவன் ஒரு கருவி போனால் மற்றொன்றைச் சில வாரங்களில் கற்பான். கருவி மட்டும் அறிந்தவன் கருவியோடு தானும் பழையவனாகிவிடுவான்.

இனி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலியவற்றைப் பற்றிய கேள்விக்கு வருவோம். அவை நொடியில் செயலி எழுதித் தருகின்றன என்பது உண்மை. எழுதியது சரியா என்று யார் சொல்வது? ஒரே அறையை இருவருக்குக் கொடுக்கும் பிழையும், ஊடுருவலுக்கு இடந்தரும் பிழையும் பார்த்த மாத்திரத்தில் புலப்படமாட்டா. செயலி நன்றாக இயங்குவது போலவே தோன்றும். எழுதிக் கொடுப்பவர் மலிந்த காலத்தில், படித்துப் பார்த்துப் பிழை காண்பவருக்கே மதிப்பு உயரும் என்பது நம் கருத்து. தொடக்க வேலைகள் சில குறையலாம், அதை மறைப்பதற்கில்லை. அதனால்தான் மேலோட்டமான படிப்பு முன்னிலும் ஆபத்தானதாகிவிட்டது என்கிறோம்.

பெற்றோர் செய்யத்தக்கது

கணினி அறியாத பெற்றோரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளையிடம், "நீ எழுதிய செயலியைக் காட்டு" என்று கேளுங்கள். காட்டினால், "இந்தப் பொத்தானை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்" என்று கேளுங்கள். பாட்டிக்கும் விளங்கும்படி அவன் சொல்லிவிட்டால், கட்டிய பணம் வீணாகவில்லை. சொல்லத் தடுமாறினால் கடிந்துகொள்ள வேண்டா. எங்கே தடுமாறினானோ அங்கேதான் அவன் மீண்டும் படிக்க வேண்டும் என்பது அவனுக்கே விளங்கிவிடும். பின்னர், "இதில் என் பெயரைத் தமிழில் எழுதலாமா?" என்றும் கேளுங்கள்.

மேல்கோட்டைக்கு வந்து குடியேறியவர்கள் அடிப்படை நூல்களைக் கையில் எடுத்துவந்தனர். புதிய ஊரின் மொழியைக் கற்றனர். தம் மொழியையும் விடவில்லை. பல நூறாண்டு கழித்து அந்தச் சுவடிகளின் அருகிலேயே கணினி வந்து அமர்ந்தபோது, அவ்வூர் அதனை அயலாக எண்ணவில்லை. வேரூன்றிய கல்வி புதியதைக் கண்டு அஞ்சுவதில்லை. நம் பிள்ளைகளுக்கும் அத்தகைய கல்வியே வாய்க்க வேண்டும். அதற்கு இல்லந்தோறும் நாம் துணை நிற்போமாக.